மூளைக் கட்டி: கத்தியின் எல்லையும் மரபணுவின் சொல்லும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் மேடையில் மூளைக் கட்டியைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா எழலாம். சொல் பிறக்கும் இடம் மூளை. அவ்விடத்தில் நோய் புகும்போது எதை எடுப்பது, எதை விடுவது என்று மருத்துவர் தயங்கி நிற்கும் நிலை இலக்கியத்திற்கும் உரிய பொருளேயாகும்.

1884 நவம்பர் 25ஆம் நாள் இலண்டனில் ரிக்மன் காட்லி என்னும் அறுவை மருத்துவர் ஓர் இளைஞரின் மண்டையோட்டைத் திறந்தார். ஊடுகதிர்ப் படம் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. கைகால் துடிப்பையும் செயலிழப்பையும் மட்டுமே கொண்டு, கட்டி இருக்கும் இடத்தை ஹியூஸ் பென்னட் என்னும் மருத்துவர் கணித்திருந்தார். கட்டி அங்கேயே இருந்தது; அகற்றவும்பட்டது. ஆயினும் தொற்றின் காரணமாக ஒரு திங்களுக்குள் அவ்விளைஞர் இறந்தார். கணிப்பு வென்றது; உயிர் தப்பவில்லை.

அடுத்த தலைமுறையில் அமெரிக்காவின் ஹார்வி குஷிங் குருதிப் பெருக்கை அடக்கும் வழிகளைக் கண்டார். 1926இல் மின்கத்தியைப் பயன்படுத்தத் தொடங்கினார். அறுவை மேசையிலேயே இறப்போரின் தொகை பெரிதும் குறைந்தது. ஆனால் மூளையின் தாங்கு திசுவிலிருந்து தோன்றும் 'கிளையோமா' என்னும் கட்டி மட்டும் கத்திக்குப் பணியவில்லை. கரையிட்ட குளம்போல் நில்லாமல், மணலில் ஊறும் நீர்போல் அது நல்ல திசுவுக்குள் பரவிவிடுகிறது. பால்ட்டிமோர் நகரில் வால்ட்டர் டாண்டி, ஏற்கெனவே இடப்பக்கம் செயலிழந்திருந்த நோயாளிகளுக்கு மூளையின் வலப் பாதியையே அகற்றிப் பார்த்தார். 1928இல் அதை வெளியிட்டார். அப்படியும் கட்டி மீண்டது.

அதே 1928ஆம் ஆண்டின் இறுதியில், கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு தம் உடன்பிறந்த தமக்கை ரூத்துக்கே அறுவை செய்தார். வலப்பக்க முன்மூளையின் பெரும்பகுதியை எடுத்தார். எனினும் கட்டி முழுவதையும் எடுக்க இயலவில்லை. தமக்கையார் வீடு திரும்பினார், பேசினார், பழகினார். ஏறத்தாழ பதினைந்து திங்கள் கழித்து, ஒரு விருந்தினருக்கும் குடும்பத்தார் நால்வருக்கும் எளிய இரவு உணவு சமைக்க முனைந்தார். பகல் முழுவதும் கையிலிருந்தது. பொருள்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தன. குறித்த வேளையில் உணவு ஆயத்தமாகவில்லை. எதை முதலில் செய்வது என்னும் ஒழுங்கு கைவராமல் அவர் கலங்கி நின்றார். நினைவும் அன்பும் எஞ்ச, வரிசைப்படுத்தும் திறன் மட்டும் போயிருந்தது. கட்டி மீண்டும் வளர்ந்தது. மூன்றாண்டு நிறைவதற்குள் அவர் மறைந்தார். தம்பி 1934இல் மாண்ட்ரியல் நரம்பியல் நிறுவனத்தை நிறுவினார். அவரிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி 1949இல் வேலூரில் தொடங்கியதே இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறை.

இன்று நோயாளியை விழிக்க வைத்துப் பேசச் செய்து, பேச்சுக்குரிய இடத்தை அறிந்து ஒதுக்கி அறுவை செய்கிறார்கள். நோயாளி முன்னரே பருகிய மருந்தால், நீல ஒளியில் கட்டி செந்நிறமாக ஒளிரும்படி செய்கிறார்கள். இயன்ற அளவு மிகுதியாக எடுப்பது வாழ்நாளை நீட்டிக்கவே செய்கிறது. ஆயினும், ஒரே மருத்துவர் ஒரே அளவு எடுத்த பின்னும் ஒருவர் ஓராண்டிலும் மற்றொருவர் பதினைந்து ஆண்டு கழித்தும் இறப்பதேன்? இவ்வினாவுக்கு நுண்ணோக்கி முழுவிடை தரவில்லை. மரபணு பெரும்பகுதி விடை தந்தது.

'பலபொருள் ஒருசொல்' என்று தமிழில் ஒரு வகை உண்டு. 'வேங்கை' என்பது மரமா, விலங்கா என்பதை எழுத்து உரைக்காது. நுண்ணோக்கியின் கீழ் ஒன்றுபோல் தோன்றும் கட்டிகளின் நிலையும் இதுவே. 2008இல் ஐ.டி.எச்.1 என்னும் மரபணுவில் நேரும் பிறழ்வு சில கட்டிகளில் கண்டறியப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு வெளிவந்த ஆய்வில், கிளையோபிளாஸ்டோமா என்று ஒரே பெயரிடப்பட்டவர்களுள் இப்பிறழ்வு உடையோரின் இடைநிலை வாழ்நாள் 31 திங்கள். இல்லாதோர்க்கு 15 திங்கள். பிறழ்வு உள்ளவர்க்கே வாழ்நாள் மிகுதி என்பது வியப்புக்குரியது. முதலாம், பத்தொன்பதாம் குரோமோசோம்களில் குறிப்பிட்ட இரு பகுதிகள் ஒருங்கே இழக்கப்பட்டிருப்பின் மருந்துக்குக் கட்டி நன்கு இணங்கும் என்பது 1998இலேயே தெரிந்திருந்தது. எம்.ஜி.எம்.டி. என்னும் பழுதுநீக்கும் மரபணு அடங்கியிருப்பின் டெமசோலமைடு மருந்து மிகுதியாகப் பயன்தரும் என்று 2005இல் நிறுவப்பட்டது.

இதனால் பெயர்களே மாறின. உலகச் சுகாதார நிறுவனம் 2016இலும் 2021இலும் வகைப்பாட்டைத் திருத்தியது. ஐ.டி.எச். பிறழ்வு உள்ள கட்டி இப்போது கிளையோபிளாஸ்டோமா என்று அழைக்கப்படுவதில்லை. மறுபுறம், பார்வைக்குச் சாதுவாகத் தோன்றும் கட்டியும், சில மரபணுக் குறிகள் இருப்பின், நான்காம் தரம் என்றே கணிக்கப்படுகிறது. ஐ.டி.எச். பிறழ்வைக் குறிவைக்கும் வொராசிடெனிப் என்னும் மாத்திரைக்கு 2024இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. அறுவைக்குப் பின் கட்டி மீண்டும் வளராதிருக்கும் இடைநிலைக் காலம், ஆய்வில், 11 திங்களிலிருந்து 27 திங்களுக்கு மேல் நீண்டது. இது நோயை ஒழித்ததாகாது, காலத்தை ஈட்டியதாகும்.

இங்கேதான் கவிஞர்க்குரிய பணி தொடங்குகிறது. இடைநிலை வாழ்நாள் 15 திங்கள் என்றால், பாதிப்பேர் அதற்கு மேலும் வாழ்ந்தனர் என்பதும் அதனுள் அடங்கும். அது கூட்டத்தின் கணக்கு. ஒருவரின் நாள்குறிப்பு அன்று. ஆயின் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அது தீர்ப்பாகவே கேட்கப்படுகிறது. 'நல்ல பிறழ்வு' என்றால் நலம் என்றும், 'முழுதும் எடுத்தாயிற்று' என்றால் நோய் போயிற்று என்றும் உறவினர் கொள்கின்றனர். பொய்யும் சொல்லாமல், நம்பிக்கையையும் பறிக்காமல், இவ்வறிவைத் தாய்மொழியில் எடுத்துரைக்கும் சொற்கள் தமிழில் இன்னும் போதிய அளவு உருவாகவில்லை. கலைச்சொல் அகராதி மட்டும் இக்குறையைத் தீர்க்காது. சொல்லின் எடை அறிந்தோர் துணை வேண்டும். அடுத்த பத்தாண்டில் இவ்வட்டம் மருத்துவர்களையும் அழைத்து அமர்த்தி, இப்பணியில் ஒரு பங்கை ஏற்க வேண்டும்.