தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடையில் நமது விரதம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பிறநாட்டுக்குப் புறப்படும் பிள்ளையை வழியனுப்பும்போது நம் வீடுகளிலே தாய்மார் தவறாது சொல்லும் வார்த்தை ஒன்றுண்டு. "சாப்பாட்டிலை கவனம்" என்பதே அது. இந்நாளிலே நம்மவர் பலர் தாய்லாந்துக்குச் சென்று வருகின்றனர். ஆங்கே புலாலும் முட்டையும் பாலும் நீக்கி உண்ண விரும்பும் ஒருவர், உணவுச்சாலையிலே எவ்வாறு கேட்டுப் பெறுதல் வேண்டும் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சிறிய பொருள்போலத் தோன்றினும், ஒருவருடைய நெடுநாள் விரதம் அதிலே தங்கியிருக்கின்றது.

2018 ஆம் ஆண்டிலே நாம் ஐவர் பாங்கொக் நகருக்குச் சென்றிருந்தோம். எம்முள் மூத்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். பிறந்தது முதல் மச்சம் தொடாதவர். பின்னாளிலே பாலையும் நெய்யையுங்கூட விட்டவர். 1944 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் 'வீகன்' எனப் பெயர் சூட்டப்பெற்ற ஒழுக்கம் இதுவே. விடுதிக்கு அருகேயிருந்த தெருக்கடையிலே, இறைச்சி வேண்டாம், மரக்கறி போதும் எனக் கைச்சாடையாலே தெரிவித்தோம். கடைக்காரப் பெண் முகமலர்ச்சியுடன் கங்குன் கீரையை வதக்கிச் சோற்றுடன் தந்தாள். இரண்டு நாள் மகிழ்ந்து உண்டோம். மூன்றாம் நாள் ஆசிரியர் அடுப்பின் அருகே நின்று பார்த்தார். அவள் ஒரு போத்தலை எடுத்துக் கீரையிலே ஊற்றினாள். போத்தலின்மேல் மீன் படம் இருந்தது.

அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டை மெல்ல வைத்துவிட்டார். அப்பெண்ணோ தான் செய்த பிழை யாதென அறியாது கலங்கி நின்றாள். எம்முள் ஒருவர் சினந்து பேசத் தொடங்கினார். ஆசிரியர் அவரைத் தடுத்து, "தம்பி, அந்தப் பிள்ளையிலை பிழையில்லை. இறைச்சி வேண்டாமெண்டு கேட்டம், அவ இறைச்சி போடேல்லை. மற்றதை நாங்கள் கேட்கேல்லையே" என்றார். அன்பர்களே, இன்று நாம் சொல்ல வந்தது முழுவதும் அந்த ஒரு சொல்லிலே அடங்கும்.

அப்போத்தலில் இருந்தது 'நம் ப்ளா' எனப்படும் மீன்சாறு. நெத்தலி போன்ற சிறு மீன்களை உப்பிலே இட்டுப் பல மாதம் ஊறவைத்து வடித்தெடுப்பது. நாம் உப்பை எண்ணுவது போலவே அவர்கள் அதனை எண்ணுகின்றனர். ஆதலின் அது மீன் என்னும் நினைவே எழுவதில்லை. சிப்பிச்சாறும் அவ்வாறே. 'கப்பி' என்னும் இறால் விழுது கறிக்கூட்டுக்களில் அரைத்துச் சேர்க்கப்படும். இது நமக்குப் புதிதன்று. நம் நாட்டிலேயே தேங்காய்ச் சம்பலில் மாசி இருக்கின்றதோ எனக் கேட்டுத்தானே நாம் கை வைக்கின்றோம்? அங்கும் அந்தக் கேள்வியே வேண்டும்.

பௌத்த நாட்டிலே இவ்வாறிருக்கலாமோ எனச் சிலர் வினவுவர். தாய்லாந்தில் வழங்குவது நம் நாட்டிலே வழங்கும் தேரவாத பௌத்தமே. தமக்கெனக் கொல்லப்பட்டதைக் காணாமலும் கேளாமலும் ஐயுறாமலும் இருந்தால், பிச்சையாக வந்த இறைச்சியைத் துறவி ஏற்கலாம் என்பது அந்நெறி. எனினும் புலால் மறுத்தோர் அங்கு இல்லாமலில்லை. 1985 ஆம் ஆண்டிலே பாங்கொக் மாநகர ஆளுநராகத் தெரிவுசெய்யப்பட்ட சாம்லோங் சிமுவாங் அவர்கள் மரக்கறி உணவினர் என்பது நாடறிந்தது.

இனி, கேட்கும் முறைக்கு வருவோம். அறியவேண்டிய சொற்கள் இரண்டு. ஒன்று 'மங்சவிரத்'. மாமிசம் எனப் பொருள்படும் 'மாம்ச' என்பதும், விலகுதல் எனப் பொருள்படும் 'விரதி' என்பதும் சேர்ந்த வடசொல் இது. காதிலே விழுந்ததும் நமக்கு உறவுபோல ஒலிக்கும். ஆயினும் இச்சொல் முட்டையையும் பாலையும் விலக்காது. மற்றையது 'ஜே'. சீன பௌத்த வழியாக வந்த இச்சொல் இறைச்சி, மீன், முட்டை, பால் யாவற்றையும் விலக்கும். வெள்ளைப்பூடு, வெங்காயம் ஆகியவற்றையுங்கூட விலக்கும். ஆகவே "கின் ஜே" என்று சொல்லுதலே நமக்கு ஏற்றது. 'ஜே உண்ணுதல்' என்பது அதன் பொருள். ஆண்கள் ஈற்றிலே 'க்ரப்' என்றும் பெண்கள் 'கா' என்றும் சேர்த்தல் மரியாதை.

ஜே உணவுக் கடைகளிலே மஞ்சள் நிறத்திலே சிவப்பு எழுத்துப் பொறித்த கொடி அல்லது பலகை இருக்கும். அவ்வெழுத்து நம் கண்ணுக்கு 17 என்னும் எண்போலத் தோன்றும். சீனப் பஞ்சாங்கத்தின் ஒன்பதாம் மாதத்து முதல் ஒன்பது நாளும் ஜே விரத விழா நடைபெறும்; புக்கெட் தீவிலே இது பெரு விழா. அந்நாட்களிலே சாதாரண கடைகளிலும் அக்கொடி பறக்கும். அக்கடைகளில் மீன்போலவும் இறைச்சிபோலவும் தோன்றுவன இருப்பின் அஞ்சவேண்டாம். அவை சோயாவாலும் கோதுமைப் பசையாலும் ஆனவை.

ஜே கடை இல்லாத இடத்திலே, "மை சை" என்று தொடங்கி வேண்டாதவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுதல் வேண்டும். 'போடவேண்டாம்' என்பது அதன் பொருள். மை சை நம் ப்ளா, மை சை கப்பி, மை சை க்ஹாய். இறுதியிற் சொன்னது முட்டை. மூச்சை அழுத்தாது 'காய்' என்றால் அது கோழியாகிவிடும். தமிழ் நாவுக்கு இவ்வேறுபாடு எளிதிலே வாராது. நல்லகாலம், நமக்கு இரண்டுமே வேண்டாதவை!

இன்னுமொன்று. கேட்டவுடனே சமைப்பதையே கேளுங்கள். தாச்சியிலே அப்பொழுதே வதக்கும் கீரையிலும் அரிசி நூடில்சிலும் மீன்சாற்றை விடுத்துச் சோயாச் சாறு சேர்க்க முடியும். முன்னரே அரைத்த விழுதிலான பச்சைக்கறி, சிவப்புக்கறிகளிலிருந்து கப்பியைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது; அவற்றை ஜே கடையிலேயே உண்க. பப்பாசிக்காயை உரலில் இடிக்கும் 'சொம் தம்' என்பதிலே காய்ந்த இறாலும் மீன்சாறும் சேரும். முன்னரே சொல்லிவைக்க வேண்டும். பாலைப் பற்றிய கவலை குறைவு. கறிகளுக்குத் தேங்காய்ப்பாலே ஊற்றுவர். மாம்பழத்துடன் தரும் ஒட்டரிசிச் சோற்றுக்கும் அதுவே. தேநீரிலே ரின்பால் கலப்பர்.

முன்சொன்ன கதையின் முடிவையும் கூறுவோம். விடுதி இளைஞர் ஒருவர் இவற்றையெல்லாம் தாய் மொழியிலே ஒரு துண்டிலே எழுதித் தந்தார். மறுநாள் ஆசிரியர் அதே கடைக்குச் சென்றார். வேறு கடை பார்க்கலாமே என்றோம். "அந்தப் பிள்ளை மனம் நொந்திருக்கும்" என்றார். அவள் துண்டை வாசித்தாள். மீன்போத்தலைக் காட்டித் தலையசைத்துச் சிரித்தாள். பின் தாச்சியை இருமுறை கழுவி, காளானும் கங்குனும் சோயாச் சாற்றிலே வதக்கிக் கொடுத்தாள். அவர் உண்டு முடிக்கும்வரை பார்த்து நின்றாள்.

நமது விரதத்தைக் காப்பது நமது கடமை. அது சமைப்பவரின் கடமையன்று. அவர் அறியாததை அவருடைய சொல்லாலே, அன்போடு அறிவித்தால், எந்நாட்டு அடுப்பிலும் நமக்கு ஒரு பிடி சோறு கிடைக்கும். இதனை மறவாதிருப்போமாக.