இரண்டு அவைகளுக்கு நடுவில் ஓர் இனம்

(திருப்பூரில் பின்னலாடைத் தொழிலாளரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

உலக அமைதிக்காக உலக அவையும் வட்டார அமைப்புகளும் எவ்வாறு ஒன்றுகூடி இயங்குகின்றன என்பது எனக்குக் கொடுக்கப்பெற்ற தலைப்பு. இத்தலைப்புக்கும் திருப்பூர்த் தொழிலாளிக்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு. நீங்கள் தைக்கும் ஆடையின் விலைச்சீட்டிலேயே அது தொங்குகின்றது. அதனைப் பின்னர்க் காட்டுவேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1945-இல் எழுதப்பெற்ற ஐ.நா. பட்டயத்தின் எட்டாம் இயல் வட்டார அமைப்புகளைப் பற்றியது. அதில் உள்ளவை 52, 53, 54 ஆகிய மூன்றே கூறுகள். ஒரு வட்டாரத்தில் எழும் பூசலைப் பாதுகாப்பு அவைக்குக் கொண்டு செல்லுமுன் அவ்வட்டார நாடுகளே அமைதி வழியில் தீர்க்க முயலவேண்டும். படைவலியைப் பயன்படுத்துவதாயின் அவ்வவையின் இசைவு வேண்டும். செய்வனவற்றையெல்லாம் அதற்குத் தெரிவித்துவர வேண்டும். ஊர் மன்றம் தீர்க்க இயலாததை நாட்டு மன்றம் தீர்க்கும் என்பது போன்ற ஏற்பாடு இது. ஏட்டளவில் இதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் ஊர் மன்றமே தன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டால் என் செய்வது?

தெற்காசியாவில் நடந்தது அதுதான். 1985 திசம்பர் 8-ஆம் நாள் டாக்காவில் 'சார்க்கு' எனப்படும் தெற்காசிய நாடுகளின் வட்டாரக் கூட்டுறவுக் கழகம் தோன்றியது. 1983 சூலையில் கொழும்பில் தமிழர் கொல்லப்பட்டு, அவர்தம் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டு அப்போது மூன்றாண்டு கூட நிறையவில்லை. அந்நிலையிலும் அக்கழகம் தன் பட்டயத்தின் பத்தாம் கூற்றில், இருநாட்டுச் சிக்கல்களும் பூசலுக்குரிய செய்திகளும் இங்குப் பேசப்படமாட்டா என்று எழுதி வைத்தது. பூசலைப் பேசாத மன்றம் எப்பூசலைத் தீர்க்கும்?

மறு ஆண்டே, 1986 நவம்பரில், பெங்களூரில் அதன் இரண்டாம் மாநாடு கூடியது. ஈழச் சிக்கல் பற்றிப் பேச விடுதலைப் புலிகளின் தலைவர் அந்நகருக்கு வரவழைக்கப்பட்டார். பேச்சு நடந்தது, ஆனால் மாநாட்டு அரங்கிற்கு வெளியில்தான் நடந்தது. 1987 சூலை 29-இல் இந்தியாவும் இலங்கையும் உடன்படிக்கை செய்தன. அதற்கு வட்டாரக் கூட்டின் மேற்பார்வையும் இல்லை, ஐ.நா.வின் பொறுப்பும் இல்லை. நடுவராகச் சென்ற இந்தியப் படை ஒரு பக்கத்துப் படையாகி, 1990 மார்ச்சில் வெளியேறியது. எண்ணற்ற எளிய தமிழர் உயிரிழந்தனர்.

இனி 2008-ஐ எண்ணிப் பாருங்கள். வன்னியில் போர் மூண்டு எரிந்துகொண்டிருந்த ஆகத்து 2, 3 ஆகிய நாள்களில், அதே இலங்கையின் தலைநகரில் சார்க்கு மாநாடு கூடியது. எட்டு நாட்டுத் தலைவர்களும் ஒன்றாய் நின்று படம் எடுத்துக்கொண்டனர். அடுத்த திங்களில், பாதுகாப்புக்குப் பொறுப்பேற்க இயலாது என்று இலங்கை அரசு சொல்ல, ஐ.நா. பணியாளர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். போகாதீர் போகாதீர் என மக்கள் வாயிலில் நின்று மன்றாடினர். வண்டிகள் போய்விட்டன. கரி சொல்ல எவரும் இல்லாத நிலத்தில் 2009 மே வரை என்ன நடந்தது என்பதை நான் சொல்லவேண்டுவதில்லை.

பாதுகாப்பு அவையின் முறையான நிகழ்ச்சி நிரலில் அப்போர் ஏறவேயில்லை. மே 27-ஆம் நாள் செனீவாவில் மாந்த உரிமை மன்றம் நிறைவேற்றிய தீர்மானமோ இலங்கை அரசுக்கு இசைவாக அமைந்தது. அதற்கு ஒப்போலை அளித்த நாடுகள் 29, எதிர்த்தவை 12. அந்த 29-இல் இந்தியாவும் ஒன்று! பின்னர் 2011-இல் வெளியான ஐ.நா. வல்லுநர் குழு அறிக்கை, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. அவ்வறிக்கை புலிகள் மீதும் குற்றங் கூறியது. அதனையும் உசாவட்டும்; எல்லாவற்றையும் உசாவட்டும் என்பதே நம் நிலை. 2012 நவம்பரில் ஐ.நா.வின் சொந்த ஆய்வறிக்கையே தன் அமைப்பு தவறியதை ஒப்புக்கொண்டது. மாண்ட பின் வந்த மருத்துவச் சான்றன்றோ அது!

இவ்வாறுதான் நடக்கும், வேறு வழியில்லை என்பாருளர். அவர்கள் ஆப்பிரிக்காவைப் பார்க்கட்டும். 1963-இல் அமைந்த ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பும், பிறர் உள்நாட்டுச் செய்தியில் தலையிடோம் என்றே இருந்தது. 1994-இல் உருவாண்டாவில் நூறு நாள்களில் ஏறத்தாழ எட்டு இலக்கம் பேர் கொல்லப்பட்டனர். அக்கண்டம் விழித்தது. 2000-இல் எழுதிய ஆப்பிரிக்க ஒன்றியச் சட்டத்தின் நான்காம் கூறு, இனக்கொலையும் போர்க்குற்றமும் நிகழுமிடத்துத் தலையிடும் உரிமையை ஒன்றியத்துக்கு வழங்கியது. 2007-இல் தார்பூருக்கு ஐ.நா.வுடன் இணைந்து கூட்டுப்படை அனுப்பியது. அது முழு வெற்றி பெறவில்லை. அங்கு மீண்டும் குருதி சிந்துகின்றது. ஆயினும் அவர்கள் தம் வாய்ப்பூட்டைத் தாமே உடைத்தார்கள். தெற்காசியா இன்னும் உடைக்கவில்லை. 2014-இல் காட்மாண்டுவில் கூடிய பின் சார்க்கு உச்சி மாநாடே கூடவில்லை.

இப்போது விலைச்சீட்டுக்கு வருகின்றேன். ஏற்றுமதியாளர் 'சி.எசு.பி. பிளசு' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் சில நாட்டுப் பொருள்களுக்கு அளிக்கும் சிறப்பு வரிச்சலுகை அது. இலங்கை ஆடைகள் வரியின்றி நுழைந்தன; நம் ஆடைகள் வரி கட்டி நுழைந்தன. ஆனால் அச்சலுகைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஐ.நா.வின் மாந்த உரிமை உடன்படிக்கைகளை அந்நாடு செயற்படுத்த வேண்டும். இலங்கை அவற்றுள் மூன்றினைச் செயற்படுத்தத் தவறியது எனக் கண்டு, 2010 ஆகத்து 15 முதல் ஒன்றியம் சலுகையை நிறுத்தியது. 2017 மே திங்களில் திருப்பித் தந்தது. உலக அவை எழுதிய சட்டத்துக்கு வட்டார அமைப்பு ஒன்று பல் கொடுத்த நிகழ்ச்சி இது.

அக்காலத்தில் 'நமக்கு வேலைக்கட்டளை மிகும்' என மகிழ்ந்தோர் இருந்திருக்கலாம். தோழர்களே, அம்மகிழ்ச்சி நமக்கு வேண்டா. சலுகை நின்றால் முதலில் வேலையிழப்பவள் தையற்பொறி முன் அமர்ந்திருக்கும் ஏழைப்பெண். போருக்குப் பின் கிளிநொச்சியிலும் ஆடைத் தொழிற்சாலை எழுந்தது. அங்குத் தைப்பவர் நம் உடன்பிறந்தார். சிங்களத் தொழிலாளியும் நம் பகைவர் அல்லர். வரிச்சலுகை என்னும் கோல் அரசின் முதுகில் விழவேண்டும். தொழிலாளியின் வயிற்றில் விழலாகாது. ஆகவே அதனை வணிகப் பொறாமையால் கேட்கக் கூடாது. அறத்தின் பெயரால், அளவறிந்து, உசாவல் நடத்து என்னும் கட்டுப்பாட்டோடு கேட்கவேண்டும்.

யார் கேட்பது? ஐ.நா.வில் நமக்கு இருக்கையில்லை. சார்க்கிலும் இல்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2011 சூன் 8-இல் இலங்கை மீது பொருளியல் தடை கேட்டது. 2013 மார்ச்சு 27-இல் ஈழத்தமிழரிடையே பொது ஒப்போலை நடத்தக் கேட்டது. ஏழு கோடி மக்களின் அவை சொன்னது தில்லியின் காதில் ஏறவில்லை. 2021 மார்ச்சில் செனீவாவில் இலங்கை பற்றிய தீர்மானம் வந்தபோது, இந்தியா எப்பக்கமும் சேராது ஒதுங்கிக்கொண்டது.

எனவே நம் கோரிக்கை மூன்று. சார்க்குப் பட்டயத்தின் பத்தாம் கூறு திருத்தப்பட்டு, இனக்கொலையும் போர்க்குற்றமும் பேசப்படும் வழி திறக்கப்படவேண்டும். அண்டை நாட்டுத் தமிழரைப் பற்றிய வெளியுறவு முடிவுகளில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் தீர்மானத்துக்கு மதிப்பு வேண்டும். நம் ஆடையை வாங்கும் நாடுகளிடம், ஆடையின் தரத்தோடு நம் இனத்தின் வழக்கையும் எடுத்துரைக்கத் தொழிலாளரும் முதலாளரும் முன்வரவேண்டும்.

நாடற்ற இனத்துக்கு இரண்டு அவைகளும் செவிடே. செவிட்டுக் காதில் ஒருமுறை சொன்னால் போதாது, சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். இவ்வூரில் ஆயிரக்கணக்கான பொறிகள் ஒலிக்கின்றன. அவற்றினும் ஓங்கி நம் குரல் ஒலிக்கட்டும்.

தமிழ் வெல்க! தமிழினம் வாழ்க!