கைவிளக்குக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும்?

நள்ளிரவில் மின்சாரம் தடைப்படுகிறது. வயதான தாயாருக்கு மருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். உங்கள் கைவிளக்கு எவ்வளவு பிரகாசமாக இருக்கவேண்டும்?

விளக்கு தரும் ஒளியை லூமென் என்று அளக்கிறோம். அறைக்குள் நடமாட 5 லூமென் போதும்; ஒற்றையடிப் பாதைக்கு 50 லூமென் தாராளம். கடையில் 1,000 லூமென் என்றால் மயங்கிவிடாதீர்கள். இருமடங்கு தொலைவு ஒளி எட்ட, நான்கு மடங்கு வெளிச்சம் வேண்டும். பேட்டரியும் விரைவில் தீர்ந்துவிடும்.

நம் கண் இருட்டுக்கு நன்கு பழக ஏறத்தாழ 30 நிமிடம் ஆகிறது. கண்ணைக் கூசவைக்கும் ஒளி அதை நொடியில் கெடுத்துவிடும். விளக்கை அணைத்ததும் படிகூடத் தெரியாது.

ஆகவே, குறைந்த ஒளியிலும் எரியக்கூடிய விளக்கையே வாங்குங்கள். விடியும்வரை அது கைகொடுக்கும்.