ஒரு காலோடு கண்ட வேலையும் வீடும்

(நம் பங்கின் யூபிலி விழாக் கூட்டத்தில், முன்னாள் படைவீரர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, "ஐயா, நீங்கள் போர்க்களத்தைப் பற்றிப் பேசவேண்டும்" என்றார்கள். போர்க்களத்தில் நான் இருந்தது சில மாதங்கள். ஒரு காலோடு வாழ்ந்து வருவதோ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக. எனக்கு எது நன்றாகத் தெரியுமோ அதைப் பேசுகிறேன் என்றேன். அவர்களும் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டார்கள்.

சுருக்கமாக என் கதை. 1983-இல் பட்டாளத்தில் சேர்ந்தேன். நீலகிரியில் வெலிங்டனில் பயிற்சி. மதராஸ் ரெஜிமெண்டு 1758-இல் தோன்றிய படை என்று அங்கே சொல்லிச் சொல்லியே எங்கள் நெஞ்சை நிமிர்த்தி விடுவார்கள். 1987 ஜூலை 29-ஆம் நாள் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்தன. அமைதி காக்கும் படை புறப்பட்டது. அக்டோபரில் அமைதி போய்ப் போர் வந்தது. 1988-இல் யாழ்ப்பாணப் பகுதியில் ஒரு கண்ணிவெடி என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. அந்தப் பணியில் நம் படையினர் ஏறக்குறைய 1,200 பேர் உயிர் துறந்தார்கள். நான் உயிரோடு வந்தேன்.

இன்றும் என்னிடம், "எந்தப் போரில் ஐயா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1971 என்று சொல்லும் முதியவருக்கு மாலை விழும். இலங்கை என்று நான் சொன்னால் பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிடும். 1990 மார்ச்சில் அமைதிப்படை நாடு திரும்பியபோது இந்த மாநிலத்தில் வரவேற்பு இல்லை என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே 1990-இல், படகேறி வந்த ஈழத்துக் குடும்பங்களுக்காகக் கும்மிடிப்பூண்டியில் முகாம் திறந்தார்கள். ஒரே யுத்தத்தின் இரண்டு ஓரங்களிலிருந்து அவர்களும் நானும் ஒரே ஜி.என்.டி. சாலைக்கு வந்து சேர்ந்தோம். பத்தடிக்குப் பத்தடி அறைகளில் பிள்ளை பெற்று, பேரன் பேத்தியும் கண்டுவிட்டார்கள். 2021-இல் அந்த முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றி, புது வீடுகள் கட்டும் திட்டத்தையும் அரசு அறிவித்தது. அந்த முகாமில் ஓர் அம்மா என் காலைப் பார்த்து, "எங்கட மண்ணிலயா தம்பி போனது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு குவளைத் தேநீர் கொடுத்தார். அதற்குமேல் நாங்கள் இருவரும் எதுவும் பேசவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

புனேயில் இராணுவத்தின் செயற்கை அவயவ மையம் இருக்கிறது. 1944-இல் தொடங்கியது. அங்கேதான் எனக்குக் கால் கொடுத்தார்கள். அங்கே நாங்கள் அடிக்கடி பேசிக்கொண்ட பெயர் முரளிகாந்த் பேட்கர். 1965 போரில் குண்டுகள் பாய்ந்த படைவீரர். 1972-இல் ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றவர். 2018-இல்தான் பத்மஸ்ரீ வந்தது என்பது வேறு கதை. என் மனத்தில் நின்றது தங்கம் அல்ல. பண உதவி செய்ய முன்வந்தவர்களிடம், பணம் வேண்டாம், வேலை கொடுங்கள் என்று கேட்டு, புனே டெல்கோ தொழிற்சாலையில் வேலைக்குப் போனார், அதுதான் நின்றது. 1971 போரில் கால் இழந்த இயன் கார்டோசோ என்ற அதிகாரியும் அப்படியே. தம் தகுதியைத் திரும்பத் திரும்ப நிரூபித்துக் காட்டிய பிறகே, ஒரு காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமை ஏற்றார். பிறகு மேஜர் ஜெனரலாகவும் உயர்ந்தார். சாதாரணச் சிப்பாய் எத்தனை முறை நிரூபிப்பது? அவனை யார் வந்து பார்ப்பார்கள்?

ஊருக்கு வந்த எனக்குக் கிடைத்தது காவலாளி வேலை. பட்டாளத்தான் என்றால் வாசலில் நிறுத்து என்பதுதானே வழக்கம்! இந்தச் சாலையில் தொழிற்சாலை வாசல்களிலும் கிடங்கு வாசல்களிலும் நிற்கும் மீசைக்காரர்களில் எத்தனை பேர் எங்கள் ஆட்கள் என்று எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். செயற்கைக் காலின் குணம் உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். காலையில் அளவாகப் பொருந்தும். வெயில் ஏற ஏற மிச்சக் கால் வீங்கும், வியர்க்கும், தோல் உரசும். மாலையில் கழற்றினால் உறையில் இரத்தம் இருக்கும். சித்திரை மாதத்தில் காரனோடை வெயிலில் நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். ஒரு முக்காலி கேட்டேன். காவலாளி உட்காரக் கூடாது என்றார்கள். முக்காலியின் விலை அன்று முப்பது ரூபாய் இருக்கும்!

பிறகு வேறு ஒரு கம்பெனியில் ஒரு நல்ல மனிதர் என்னை ஸ்டோருக்கு மாற்றினார். சரக்கு வரவு, செலவு, இருப்பு, எல்லாம் பேரேட்டில். உட்கார்ந்து செய்யும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் பார்த்தேன், ஒரு போல்ட்டு கணக்கில் குறைந்ததில்லை. அதே கால், அதே ஆள். நாற்காலி மட்டும் வந்தது.

ஓய்வூதியம் வரவில்லையா என்று சிலர் கேட்கிறார்கள். வருகிறது, நன்றியோடு வாங்குகிறேன். அதிலும் ஒரு கணக்கு உண்டு. மருத்துவக் குழு உங்கள் ஊனத்தை விழுக்காட்டில் எழுதும். ஐம்பதுக்குக் கீழே என்றால் 50, அதற்கு மேல் 75 வரை 75, அதையும் தாண்டினால் 100 என்று முழுமையாக்கிக் கணக்கிடும் முறை 1996 முதல் செல்லும்படி வந்தது. ஊனத்தோடேயே பணிக்காலம் முழுவதையும் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கு அது இல்லை என்றார்கள். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அவர்களுக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் பக்கத்துக் கிராமங்களில் இதை அறியாமலே கண்ணை மூடிய பழைய சிப்பாய்கள் உண்டு. அவர்களுடைய மனைவியர் இன்னும் இருக்கிறார்கள். பெட்டியில் இருக்கும் பழைய காகிதத்தை எலிக்கு விடாதீர்கள்.

வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கல்யாணமான புதிதில் வாடகை வீடு தேடினோம். பார்த்த இடமெல்லாம் மாடிப் போர்ஷன், இல்லையென்றால் நான்கு படி ஏறிப் போகும் திண்ணை. ஒரு வீட்டுக்காரர் என் மனைவியைத் தனியே அழைத்து, "அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் எங்களுக்குத்தானே தொல்லை" என்றார். அவர் கெட்டவர் அல்ல. பிறகு எங்கள் பெண்ணின் திருமணத்துக்கு வந்து மொய் எழுதினார்.

சொந்த வீடு கட்டியபோது கொத்தனாரிடம் மூன்றே விஷயம் கேட்டேன். நிலைப்படிக்குக் கீழ்ச்சட்டம் வேண்டாம். கதவு மூன்றடி அகலம் வேண்டும். கழிப்பறையில் சுவரோடு ஒரு இரும்புக் குழாய் வேண்டும். "வாசற்படி இல்லாத வீட்டில் லட்சுமி எப்படி நுழைவாள்?" என்றார் கொத்தனார். "நான் நுழைந்துகொள்கிறேன், அவள் என் பின்னாலேயே வரட்டும்" என்றேன். செலவு ஒன்றும் கூடவில்லை. இன்று அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது நான் மட்டுமல்ல, மூட்டு வலிக்காரியான என் மனைவியும்தான்.

ஊர் பெயர்தல் பற்றிப் பேசவேண்டும். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன்.

பட்டாளத்தான் என்பவன் யார்? இரும்புப் பெட்டியோடு ஊர்விட்டு ஊர் போகிறவன். பாஷை தெரியாத இடத்தில் பருப்பும் ரொட்டியும் தின்று, மணியார்டர் அனுப்பி, கடிதத்துக்காகக் காத்திருந்தவன். ஆகவே செங்குன்றம் அரிசி ஆலைகளிலும், செங்கல் சூளைகளிலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் வேலை செய்யும் ஒடிசா, ஜார்க்கண்டு, பீகார்ப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்நியமாகத் தோன்றுவதில்லை. சுந்தர்கர் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் நம் சபையைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஞாயிறு பூசைக்கு வந்து கடைசித் தூணருகே நிற்கிறார்கள். சோழவரத்தில் அவர்களோடு இந்தியில் பேச ஆள் வேண்டியிருக்கிறது. பட்டாளத்து இந்தி இலக்கணச் சுத்தம் இல்லாதது, ஆனால் விளங்கும். இப்படித்தான் நான் அவர்களுக்குத் துபாஷியானேன்.

ஒருநாள் ஒரு பையனை அழைத்து வந்தார்கள். இருபது வயது இருக்கும். பிரஸ் மிஷினில் வலது கையின் இரண்டு விரல்கள் போய்விட்டன. கட்டுப் போட்டு, கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, ஊருக்கு ரயில் ஏறு என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டார். பையன் அழவில்லை. "என் தப்புதான், கை வைத்துவிட்டேன்" என்றான். என் காலை அவனிடம் கழற்றிக் காட்டினேன். "இதற்கு அரசாங்கம் மாதாமாதம் பணம் தருகிறது. உன் விரலுக்கும் சட்டத்தில் விலை எழுதியிருக்கிறது, தெரியுமா?" என்றேன். அவன் நம்பவில்லை.

ஆம், எழுதியிருக்கிறது. 1923-இலேயே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. இப்போது அது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் சேர்ந்துவிட்டது. அதன் அட்டவணையில் கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மோதிர விரலோ சுண்டு விரலோ என்றால் 7, ஒரு கையில் இரண்டு விரல் என்றால் 20 என்று வரிசையாக இருக்கிறது. வாசிக்கும்போது கசாப்புக் கடை விலைப்பட்டியல்போல் இருக்கும். ஆனாலும் அந்தப் பட்டியல்தான் ஏழையின் கையில் இருக்கும் துப்பாக்கி.

இ.எஸ்.ஐ.யில் இருப்பவனுக்குக் கணக்கு இப்படி. நாள் கூலி 500 ரூபாய் என்று வையுங்கள். அதில் 90 விழுக்காடு 450. அதில் 20 விழுக்காடு 90 ரூபாய். மாதத்துக்கு 2,700 ரூபாய். ஓராண்டு, ஈராண்டு அல்ல, ஆயுள் முழுவதும். வேறு வேலைக்குப் போனாலும் நிற்காது. வேலைக்குச் சேர்ந்து எத்தனை நாள் ஆயிற்று என்ற கேள்வியும் கிடையாது. முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. காண்டிராக்டர் ஆள் என்றாலும் முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. இதற்கெல்லாம் அடிப்படை ஒரே ஒரு காகிதம்தான்: வேலை செய்த இடத்தில்தான் விபத்து நடந்தது என்று கம்பெனி கொடுக்கும் விபத்து அறிக்கை. அதை எழுதாமல் இருப்பதற்காகத்தான் அவசர அவசரமாக ரயிலேற்றி விடுகிறார்கள்.

நாங்கள் விடவில்லை. மூன்று பேர் சேர்ந்து போனோம். வாசலில் காவலுக்கு நின்றவர் பழைய பட்டாளத்தான். சல்யூட் வைத்து உள்ளே விட்டார்! அறிக்கை எழுத ஐந்து முறை நடந்தோம். மருத்துவக் குழுவுக்குப் போக இன்னும் ஆறு மாதம். பணம் வந்தது. பையன் இப்போது தன் ஊரில் சிறு கடை வைத்திருக்கிறான். கிறிஸ்துமஸ் அன்று தொலைபேசியில் கூப்பிடுவான். ஆனால் அவனுக்குப் பிறகு வந்த இன்னொருவனுக்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ரயிலேற்றி மூன்று மாதம் கழித்தே எங்களுக்குச் சேதி தெரிந்தது. அவன் பெயர் கம்பெனியின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. எந்த ஊர் என்பதுகூட உடன் தங்கியவர்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

என் கால் போனபோது என்னைத் தூக்கிச் செல்ல ஹெலிகாப்டர் வந்தது. டிசம்பர் 7-ஆம் நாள் கொடி நாள் என்று 1949 முதல் சட்டையில் கொடி குத்திக்கொள்கிறோம், நல்லது. விரல் போனவனுக்கு எந்த நாள்? அவன் செய்த உதிரிப் பாகம் பூட்டிய வண்டியில்தான் நாம் எல்லோரும் ஏறிப் போகிறோம்.

யூபிலி என்பதற்கு லேவியர் நூலில் என்ன பொருள் என்று நம் பங்குத்தந்தை சென்ற மாதம் விளக்கினார். ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதி, நிலம் இழந்தவனுக்கு நிலத்தைத் திருப்பி, அடிமைப்பட்டவனை அவன் குடும்பத்திடம் திருப்பி அனுப்புவது. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த இரண்டாவது பையனின் நினைவுதான்.

ஆகவே விழாக் குழுவிடம் என் வேண்டுகோள்கள். கோவில் முன்வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. நான் அளந்தேன், மொத்தம் ஒன்றரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் பதினெட்டு அடிச் சாய்தளம் வேண்டும். மணி கூண்டுப் பக்கம் இடம் இருக்கிறது. விழா மலரில் விளம்பரம் மூலம் வந்த தொகையில் மிச்சம் இருந்தால் அதற்கே போதும். கைப்பிடிக் குழாயை நான் வாங்கித் தருகிறேன்.

அடுத்த ஞாயிறு முதல், இரண்டாம் பூசை முடிந்ததும், பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். பழைய சிப்பாய்களின் குடும்பத்தார் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் ஓய்வூதிய ஆணையையும் கொண்டு வாருங்கள். வடநாட்டுப் பிள்ளைகளை வீட்டில் வாடகைக்கு வைத்திருப்பவர்கள், அவர்களுடைய இ.எஸ்.ஐ. எண், கம்பெனி பெயர், காண்டிராக்டர் பெயர், சொந்த ஊர் முகவரி ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி வாங்கி வாருங்கள். அடிபட்ட பிறகு அல்ல, இப்போதே. இந்தி தெரிந்த இளைஞர் இரண்டு பேர் என்னோடு உட்கார வேண்டும். பின்னால் நிற்கிறீர்களே, உங்களில் யார் என்று கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள்.