மன்னாரும் கோப்பிக் கொட்டையும்

மன்னார்த் தீவில் கோப்பிச் செடி வளர்வதில்லை. பனையும் உடையும், பள்ளிமுனையில் யானைபோலப் பருத்து நிற்கும் பெருக்க மரமும் வாழத்தக்க வறண்ட மண் அது. ஆயினும், கோப்பியின் வரலாற்றில் இக்கரைக்குள்ள இடம் சிறிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் தோணிகளில் இங்கே இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் அவர்களுட் பலரை வழியிலேயே மாய்த்தன. 1869-இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுள் அத்தோட்டங்களை அழித்தது, தேயிலை வந்தது. 1914-இல் தலைமன்னாருக்கு இருப்புப்பாதை திறக்கப்பட்டபோது, கோப்பியின் காலம் முடிந்து நெடுநாளாகியிருந்தது.

நேயர்களே, அந்தக் கரையிலே இன்று ஒரு வீட்டிற்கு, வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் எஸ்பிரஸ்ஸோ இயந்திரமொன்றை அனுப்பியிருக்கிறார்கள் என்று கொள்வோம். எந்தக் கொட்டையை வாங்குவது? நுண்ணிய தூளினூடே வெந்நீரை ஏறக்குறைய ஒன்பது வளிமண்டல அழுத்தத்திற் செலுத்தி, அரை நிமிடத்திற் சாற்றை இறக்கும் முறை இது. கொட்டையின் குணத்தையும் குற்றத்தையும் இது பெருக்கியே காட்டும். மல்லியும் சுக்கும் சேர்த்து வறுத்திடித்த வீட்டுக் கோப்பித்தூள் தடிமனுக்கு நன்று. இந்த இயந்திரத்துக்கு ஆகாது.

புதியவர் செய்யும் முதற் பிழை, பளபளக்கும் இறக்குமதித் தகரத்தைக் கண்டு மயங்குவதே. அதில் இறுதித் திகதி இருக்கும். வறுத்த திகதி பெரும்பாலும் இராது. வேண்டியது பிந்தியதுதான். வறுத்த கொட்டை சில நாள்களுக்குக் கரியமிலவாயுவை விட்டுக்கொண்டிருக்கும். ஆதலின் ஒரு வாரம் பொறுத்துத் தொடங்கி, ஒன்றிரண்டு மாதத்துள் முடித்துவிடுதல் நலம். மலைநாட்டில் இன்றும் சிறு அளவில் அரபிக்கா விளைகிறது. இலங்கையிலேயே வறுப்போரும் உளர். வறுத்த நாளைக் கேட்டறியக்கூடிய கொட்டை, கடல் கடந்து வந்த பெயர்பெற்ற பழைய கொட்டையினும் மேலானது. அன்று மனிதர் உயிரைப் பணயம் வைத்து நடந்த தூரத்தை, அப்பொதி இன்று ஒரு பகலிற் கடந்து வந்துவிடும்.

அரபிக்காவுக்கு மணமும் இளம்புளிப்பும் உண்டு. ரொபஸ்டாவுக்குக் கசப்பும் நுரையும் மிகுதி. கபீனும் ஏறக்குறைய இருமடங்கு. துருநோயைத் தாங்குவதும் அதுவே. சுத்த அரபிக்காவே உயர்ந்தது என்ற பேச்சுக்குப் புதியவர் அஞ்ச வேண்டியதில்லை. பாலும் சீனியும் சேர்த்துக் குடிப்பவருக்குச் சிறிது ரொபஸ்டா கலந்தது பொருந்தவே செய்யும். வறுவல் நடுத்தரமாகவோ சற்றுக் கருமையாகவோ இருக்கட்டும். இளவறுவற் கொட்டை இறுகியது, எளிதிற் சாறு விடாது, பழகாத கைக்குப் புளிப்பையே தரும்.

கடற்காற்றின் ஈரலிப்பு மன்னாரில் எதையும் விடுவதில்லை. காற்றுப் புகாத பேணியில் கொட்டையாகவே வைத்து, வேண்டும்போது மட்டும் அரைக்க வேண்டும். நாள்தோறும் திறக்கும் குளிர்சாதனப் பெட்டி உகந்ததன்று. வெளியே எடுத்ததும் நீர் கோக்கும்.

ஒரே வகையில் இருநூற்றைம்பது கிராம் வாங்குக. முதற் சில கிண்ணங்கள் வீணாகும். அதற்காகக் கொட்டையை மாற்றலாகாது. 18 கிராம் தூளுக்கு 36 கிராம் சாறு, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். விரைந்து இறங்கிப் புளித்தால் இன்னும் நுணுக்கமாக அரைக்கவும். தயங்கி இறங்கிக் கசந்தால் சற்றுப் பருமனாக அரைக்கவும்.