மணலில் எழுதிய பின்னரே ஓலை

(காளையார்கோவிலில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் முதல் நாளே பிள்ளையின் கையில் எழுத்தாணியைக் கொடுத்ததில்லை. மணலைப் பரப்பி, விரலைப் பிடித்து எழுதுவித்தார். மணலில் நேர்ந்த பிழையைக் கையால் அழித்துவிடலாம். ஓலையில் கீறியது கீறியதே. கொண்டுவிக்கப் போன நம் முன்னோரும், பெட்டியடிப் பையனாக இருந்து பழகாதவனை நம்பிக் கடையை ஒப்புவித்ததில்லை. கணக்கெழுதவே இத்தனை பழக்கம் வேண்டுமாயின், மனிதருடைய இருதயத்தைப் பார்த்துச் சொல்பவருக்கு எத்தனை வேண்டும்? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் இதுவே.

இருதயத்தை ஒலியலையால் பார்க்கும் பரீட்சையை ‘எக்கோ’ என்கிறோம். 1953-ஆம் வருஷம் சுவீடன் தேசத்து லுண்ட் நகரில் எட்லர் என்னும் வைத்தியரும் ஹெர்ட்ஸ் என்னும் பௌதிக அறிஞரும் இதனைத் தொடங்கினர். உலோகத்தின் உட்பிளவைக் கண்டறியக் கப்பல் கட்டும் துறையில் வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி, மார்பின்மேல் வைத்துப் பார்த்தனர். வினாடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் தடவை வரை அதிரும், நம் செவிக்கு எட்டாத ஒலி, உள்ளே சென்று எதிரொலித்துத் திரும்பித் திரையில் படமாகிறது. கத்தியில்லை, நோவுமில்லை.

ஆயினும் படம் தானே வந்துவிடுவதில்லை. விலா எலும்பும் நுரையீரற் காற்றும் ஒலியைத் தடுக்கும். எலும்புகளின் இடுக்கில் கருவியை வைத்து, சிறிது திருப்பி, சிறிது சாய்த்து வழி காண வேண்டும். இருதயத்தின் நுனியைத் தவறவிட்டுச் சாய்வாக வெட்டிய படம் விழுந்தால், தளர்ந்த இருதயமும் பலமுள்ளதுபோல் தோன்றக்கூடும். இயந்திரம் மெய்யையே காட்டினும், பழகாத கை அதனைப் பொய் சொல்ல வைத்துவிடும்.

இதனால் யாருக்குக் கேடு? சென்னை மருத்துவக் கல்லூரியில் 2016 முதல் 2019 வரை, இருதய நோயுள்ள கர்ப்பிணிகள் 1,005 பேரின் விவரங்களைத் தொகுத்தனர். அவர்களில் நூற்றுக்கு 60 பேருக்கு, இளமையில் வந்த வாதக் காய்ச்சலால் இருதய வால்வுகள் கெட்டிருந்தன. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு, தமக்கு இந்நோய் உண்டென்பதே கர்ப்பமான பின்னர்தான் தெரிந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய இருவர் மாண்டனர். வால்வின் கேட்டை நேரில் காட்டுவது எக்கோவே.

அப்படியாயின் பழகாத கை எங்கே பழகுவது? மூச்சுத் திணறிக் கிடப்பவரின் மார்பிலா? பண்டைக் காலத்துச் சுசுருத சம்ஹிதை, அறுக்கும் முறையைப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களிலும், கட்டுக் கட்டுவதைத் துணியால் செய்த மனித உருவிலும் பழகச் சொல்கிறது. இன்று அதே வழியில் எக்கோவுக்கும் பொம்மை வந்திருக்கிறது.

மனித மார்பைப் போன்ற அப்பொம்மையின்மேல் மாணவர் ஒரு போலிக் கருவியை வைத்து நகர்த்துவார். அதிலிருந்து ஒலி எழுவதில்லை. அது எவ்விடத்தில், எச்சாய்வில் இருக்கிறதென்பதை உணர்ந்து, கணினி தன்னிடமுள்ள இருதய உருவத்தை அதே கோணத்தில் வெட்டிக் காட்டும். திரையின் ஒரு பாதியில் எக்கோப் படமும், மறு பாதியில் முழு இருதயமும் தோன்றும். கை சற்றுச் சாய்ந்தால் படம் ஏன் கெட்டதென்பது அப்போதே விளங்கும். வருஷத்தில் ஒருமுறை காண்பதற்கும் அரிதான நோயை வேண்டும்போதெல்லாம் வரவழைக்கலாம்; நூறு முறை பிழை செய்தாலும் ஒருவருக்கும் தீங்கில்லை.

2012-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மயக்க மருந்து வைத்தியம் பயில்வோரை இரு கூறாக்கி, ஒரு சாராருக்குப் பிரசங்கத்தாலும் மறு சாராருக்குப் பொம்மையாலும் போதித்தனர். பின்னர் உயிருள்ள மனிதரிடம் சோதித்தபோது, பொம்மையில் பழகியவர்களே மேம்பட்டிருந்தனர். எனினும் பொம்மைக்குப் பயமில்லை, இருமலில்லை, பருமனான உடலுமில்லை. மணலில் எழுதியவன் ஓலைக்கு வந்தே தீர வேண்டும். அப்போது ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நம்மவர் கல்விக்குக் கொடுத்துப் பழகியவர்கள். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் அமைய அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததை யாவரும் அறிவீர். நமக்கு அருகே சிவகங்கையில் 2012 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடைபெறுகிறது. ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம்: ஆஸ்பத்திரிக்கு இயந்திரம் வாங்கித் தர முன்வருவோர், ‘இதனை இயக்கும் கை எங்கே பழகும்?’ என்றும் கேட்கட்டும். பயிற்சிக்கும் ஒரு பங்கை ஒதுக்கட்டும். கல்லூரி முதல்வரைக் கண்டு, அவர்களுக்கு வேண்டுவது யாதெனக் கேட்டுவர நால்வரை இன்றே நியமியுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு வார்த்தை. “பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சு வாங்குவது சகஜந்தானே” என்று சும்மா இருந்துவிடாதீர்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறதென்று மகளோ மருமகளோ சொன்னால், அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவளுக்காகப் பழகிய கை ஒன்று காத்திருக்கும்படி செய்வது நம் கடமை.