உள்ளாட்சிகளின் கூட்டுச் செயல்பாடு: கட்டுப்பாடு யார் கையில்?



ஆறு ஊராட்சி எல்லையில் நின்றுவிடுவதில்லை. நகரின் குப்பையும் நகராட்சி எல்லைக்குள் அடங்குவதில்லை. எனவே குடிநீரிலும் கழிவு அகற்றலிலும் அண்டை உள்ளாட்சிகள் இணைந்து செயல்பட்டே ஆக வேண்டும். அது யாருடைய கட்டுப்பாட்டில் நடைபெறுகிறது என்பதே கேள்வி.

1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இதற்கென மாவட்டத் திட்டக் குழுவை வகுத்தது. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கிற்குக் குறையாதோர் மாவட்ட ஊராட்சி, நகராட்சிப் பிரதிநிதிகளால் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தண்ணீரையும் பிற இயற்கை வளங்களையும் பகிர்ந்துகொள்வது அக்குழுவின் கடமைகளுள் ஒன்று. எனினும் பல மாநிலங்களில் அது பெயரளவிலேயே நீடிக்கிறது.

கேரளத்தில் 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளிடம் அளித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்கள் கிராம ஊராட்சிகளிடமும், மாவட்ட மருத்துவமனைகள் மாவட்ட ஊராட்சிகளிடமும் வந்தன. நிதியும் நிறுவனமும் கைக்கு வந்த பின்னரே கூட்டுத் திட்டம் பொருளுடையதாகிறது.

இதற்கு நேர்மாறானது, பல உள்ளாட்சிகளின் பணிகளைத் திரட்டி ஒரே ஒப்பந்ததாரரிடம் ஒப்படைப்பது. அங்கே ‘சிக்கனம்’ தூய்மைப் பணியாளரின் கூலியிலிருந்தும் பணிப் பாதுகாப்பிலிருந்தும் பறிக்கப்படுகிறது.

எனவே, மாவட்டத் திட்டக் குழு முறையாகக் கூட வேண்டும். கூட்டுப் பணிகளின் கணக்கு கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். இக்கோரிக்கைகளை ஒவ்வொரு மன்றத்திலும் எழுப்புவது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கட்சித் தோழர்களின் உடனடிக் கடமை.